உடைக்காமல் எடுத்து வந்த கண்ணாடி

அன்றைக்கு இருந்தது நானும் டில்லியும் மட்டும்தான். டில்லியின் மனைவி சுமதி இல்லை, அமாவாசை என்று காலையிலேயே மேல்மலையனூர் கோயிலுக்கு ஸ்பெஷல் பஸ்ஸில் ஏறிவிட்டாள். என் நைனாவும் இல்லை, மல்லாட்டை மூட்டையோடு அவலூர்பேட்டை கடலை மண்டிக்குப் போயிருந்தார். இவர்களில் ஒருவர் இருந்திருந்தாலும் நான் இதை எழுத வேண்டி வந்திருக்காது. பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறவன் நான். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன், ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்தவன், எதற்கும் ஒரு காரணம் இருக்கும் என்று இன்றைக்கும் சொல்கிறவன். இதற்கு மட்டும் கிடைக்கவில்லை. நீங்கள் நம்பாவிட்டால் கோபமில்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன்.

டில்லி என் கூட்டாளி, செஞ்சியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். பழைய கார் ஒன்றின் இன்ஜினை வாங்கி, இரும்புக் குழாயில் சட்டம் பற்றவைத்து, கூரையில்லாத ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை நாங்களே செய்துகொண்டிருந்தோம். முன்னால் கண்ணாடி இல்லாமல் ஓட்டிப் பார்த்தபோது பறந்து வந்த வண்டு டில்லியின் வலது கண்ணில் அடித்துவிட்டது. கண் வீங்கி, அது வடிகிற வரைக்கும் பட்டறை மூடிக் கிடந்தது. சுமதி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"உனுக்கு இன்னாண்ணா, விளையாட்டு. இவருக்குக் கண்ணு போனா எங்க வூட்ல சோறு போச்சு. கண்ணாடி போடாம இவர அதுல ஏத்துன, அப்புறம் இருக்குது உனுக்கு."

நியாயம்தான். ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு சாண் உயரம் இருந்தால் போதும் என்று அந்த அமாவாசையன்று காலையில் கண்ணாடி தேடிக் கிளம்பினோம்.

பழைய இரும்புக் கடையில் ஒரு வேன் நசுங்கிக் கிடந்தது, லாரியோடு நேருக்கு நேர் மோதியது. அதன் முன்கண்ணாடி குறுக்கே கிழிந்து, மேல்பாதி வேனிலேயே தொங்க, கீழ்ப்பாதி தரையில் கிடந்தது. அதில் ஒரு ஓரத்தில் கீறல்கூட இல்லை. ஆனால் கடைக்காரர் தர யோசித்தார். ஆள் முட்டிச் செத்த கண்ணாடியை அந்தக் கடையில் அப்படியே வைக்கமாட்டார்கள், கடப்பாரையால் நொறுக்கித்தான் வெளியே போடுவார்கள்.

"ஓட்டுனவன் மூஞ்சி முட்டுன கண்ணாடிப்பா. ஒடைக்காம எடுத்துக்னு போவாத."

"வெட்டத்தானண்ணா போறோம்? வெட்டுனா ஒடச்ச மாதிரிதான?" என்றேன்.

டில்லி சிரித்தான். "படிச்சவங்கிட்டப் பேசி ஜெயிக்க முடியுமா, உடுண்ணா."

கடைக்காரர் சிரிக்கவில்லை. காசும் வாங்கவில்லை.

பட்டறை வாசலில் உச்சி வெயில். அந்த மாதிரிக் கண்ணாடி என்பது இரண்டு ஏடு, நடுவில் ஒரு பிளாஸ்டிக் தாள். இரண்டு பக்கமும் கட்டரால் கோடு போட்டு, தட்டி விரிசல் விடவைத்து, கோட்டில் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்தினால் தாள் இளகும், பிளேடு விட்டு அறுத்துவிடலாம். பலகையில் கிடத்தித் தீ வைத்தேன். வெயிலில் தீயே தெரியவில்லை. திடீரென்று அடியிலிருந்து ஒரு இடி, பலகையே குதித்தது.

"இன்னாடா அது?"

"சூட்டுல விரியுதுடா," என்றேன். அப்போது எனக்கே அது சரியான பதிலாகத்தான் பட்டது.

அறுத்த துண்டை அலுமினியப் பட்டை வைத்துக் காரின் முன்னால் முடுக்கி, உச்சி சாய்ந்ததும் சிங்கவரம் ரோட்டில் விட்டோம். டில்லி ஓட்டினான், நான் பக்கத்தில். வேகமே இல்லை, சைக்கிளில் வந்த ஒருவர் எங்களைத் தாண்டிப்போய், "இன்னாபா, தள்ளி உடணுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். டில்லி சீட்டில் நன்றாகச் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் கண்ணாடி உள்பக்கத்திலிருந்து வெளியே புடைத்தது. ஒரு மண்டை போய் முட்டினால் எப்படியோ அப்படி. டில்லியின் தலை இருந்த இடத்தை விட்டு அசையவில்லை, நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஆனால் அவன் நெற்றி பிளந்துகொண்டது. பிரேக்கை மிதித்தான், வண்டி நின்றது, இடி நிற்கவில்லை. அடுத்த இடியில் மூக்கெலும்பு நொறுங்கிய சத்தம் கேட்டது.

"யாரோ இடிக்கிறான்டா, புடிடா என்னெ!"

அவன் தலையை இழுத்து என் மார்போடு அணைத்துக்கொண்டேன். அப்படியும் ஒவ்வொரு இடியும் அந்தத் தலைக்குள் இறங்குவது என் நெஞ்சில் தெரிந்தது. என் சட்டையெல்லாம் ரத்தம். அவன் கண்ணைப் பொத்திக்கொண்டு அலறினான். அவனை விட்டுவிட்டு இரண்டு கையாலும் கண்ணாடியைப் பிடித்துப் பிய்த்தேன், பிய்ந்த விளிம்பு விரல்களில் இறங்கியது, வலிகூடத் தெரியவில்லை, ரோட்டோரப் பாறையில் போட்டுக் கல்லால் குத்திக் குத்தித் தூளாக்கினேன். அதன் பிறகுதான் நின்றது.

ஆஸ்பத்திரியில், "எந்த லாரி?" என்று கேட்டார்கள். எதிலும் மோதவில்லை என்றால் யார் நம்புவார்கள், வண்டியின் முன்பக்கத்தில் ஒரு கீறல் கிடையாது.

இதைவிட என்னைத் தூங்கவிடாதது ஒன்று உண்டு. டில்லியின் முகத்திலிருந்து டாக்டர் எடுத்துத் தட்டில் போட்ட கண்ணாடிச் சில்லுகள் எல்லாம் நீலம். நாங்கள் வெட்டியது வெறும் வெள்ளைக் கண்ணாடி. வெயிலை மறைக்கிற நீலப் பட்டை, வேனில் தொங்கிய மேல்பாதியில்தான் இருந்தது, அது கடையை விட்டு வரவேயில்லை. பிறகு விசாரித்தேன். அன்று உச்சி சாய்ந்ததும் கடைக்காரர் கடப்பாரையை எடுத்து அந்தப் பாதியை நொறுக்கினாராம். எத்தனை அடி அடித்தார் என்று நான் கேட்கவில்லை.

சுமதி இப்போது என் வீட்டுப் பக்கமே வருவதில்லை.

ஒரு சாண் கண்ணாடிக்கு எங்களுக்கு ஆன மொத்தச் செலவு, டில்லியின் வலது கண்ணும் என் இரண்டு விரலும்.