பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாத கோட்டை

ராஜகீழ்ப்பாக்கத்தில் கிளம்பித் தாம்பரத்தைத் தாண்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. எனக்கு ஏழாம் மாதம். காலை நீட்டினால் இடுப்பு வலிக்கிறது, மடக்கினால் மரத்துப்போகிறது. எரிச்சல் எரிச்சலாக வந்தது. எல்லாம் என் மாமியாருடைய ஊர்க் கோட்டைக்காக.

பாலாற்றங்கரையில் இருக்கிறது அது. வண்டியை ஓட்டிக்கொண்டே என் கணவர் வரலாறு சொன்னார். நாயக்கர்கள் கட்டினார்களாம், நவாப் பிடித்தாராம், வெள்ளைக்காரன் பீரங்கி வைத்து உடைத்தானாம். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தைக்கு அதெல்லாம் பொருட்டே இல்லை. அவருக்கு ஒரே கதைதான். வெள்ளம் வரும்போதெல்லாம் ஆற்றோர மதில் சரிந்துகொண்டே இருந்ததாம். வாயும் வயிறுமாக இருக்கிற ஒருத்தியை உள்ளே வைத்துக் கட்டினால்தான் நிற்கும், கூப்பிட்டதும் எவள் திரும்புகிறாளோ அவள்தான் என்று குறி சொன்னார்களாம். கூழ் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்த தன் மனைவியையே ஒரு கொத்தன் பெயர் சொல்லிக் கூப்பிட்டானாம். அவள் திரும்பினாளாம்.

அதனால் அந்த ஊர்ப் பெண்கள் ஏழாம் மாதத்தில் போய் அவளுக்கு வளையல் வைக்கிறார்கள். வைத்துவிட்டுக் கோட்டை வாசலைத் தாண்டும்வரை யாரும் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. திரும்புகிறவளை மதில் எடுத்துக்கொள்ளுமாம்.

"அப்படிப்பட்ட எடத்துக்கு எதுக்கு அத்தை போகணும்? பேசாம வீட்லயே இருந்துடலாமே!"

"போகலைன்னா அவ மனசு நோகும்மா."

நல்ல நியாயம்! ஆனால் போன வருஷம் எனக்கு ஒன்று கலைந்துபோயிருந்தது. பிடிவாதமாக மறுக்கத் தைரியம் வரவில்லை.

கோட்டை என்று பேர்தான். முள்காடும் பாதி மதிலும் மிச்சம். செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரில் இருந்த ஒரு பொந்தில் வளையல்களை வைத்தேன். பாத்ரூம் வேறு அவசரமாக வந்தது. விட்டால் போதும் என்று வாசலைப் பார்த்து வேகவேகமாக நடந்தேன்.

பின்னால் வந்த கணவர், நான் கால் வைக்கப்போன புல்லில் உடைந்த பாட்டிலைப் பார்த்துவிட்டார். பதறிப்போய் என் பெயரைச் சொல்லிக் கத்தினார். நான் திரும்பிவிட்டேன்.

அத்தைக்கு முகமே வெளுத்துவிட்டது. "அடப்பாவி!" என்றார் மகனைப் பார்த்து. உடனே முட்டிவலியையும் மறந்து மதிலிடம் ஓடினார். இரண்டு உள்ளங்கைகளையும் அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டார்.

"என்னத்தான் கூப்டான் தாயே. நான்தான் திரும்பினேன். இதோ வந்துட்டேன், பாரு. என்னை எடுத்துக்கோ."

அந்தக் கதையில் எனக்கு நம்பிக்கை கிடையாது. அத்தைக்கு முழுசாக இருந்தது.