நான்கு வினாடிப் பிழை

காலை எட்டு ஐம்பதுக்கு நிஸ்றா தேநீர்க் கோப்பையோடு அமர்ந்து போனைத் திறந்தாள். மூன்று நாளுக்கு முன் அவள் போட்ட வீடியோவை அறுபதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். அதன் கீழே மேனுகா என்ற பெண் எழுதியிருந்த கொமென்ட்தான் முதலில் கண்ணில் பட்டது.

"டீச்சர், மிசினைக் கிணத்துக்குள்ள இறக்கச் சொல்றீங்க. எங்கட மாமா அப்பிடி இறக்கித்தான் செத்தவர். புகை உள்ளுக்கே நிண்டிட்டு. தயவுசெய்து இதை எடுங்க."

நிஸ்றா கோப்பையைக் கீழே வைத்தாள். வீடியோவை ஓடவிட்டாள். வெள்ளம் வடிந்த பிறகு பெற்றோல் பம்பு மிசினால் கிணற்றை எப்படி இறைப்பது, எவ்வளவு குளோரின் போடுவது, எத்தனை மணி நேரம் விடுவது என்று எல்லாம் சரியாகத்தான் சொல்லியிருந்தாள். இரண்டாவது நிமிடத்தில் அந்த வரி வந்தது. "ஆழமான கிணறு, மிசின் தண்ணிய இழுக்காட்டி, கயிறு கட்டி மிசினைக் கொஞ்சம் கீழ இறக்குங்க." அதைச் சொல்ல அவளுக்கு நான்கு வினாடிதான் ஆகியிருந்தது.

ஓட்டமாவடியில் அவள் வீட்டுக் கிணறு பன்னிரண்டு அடி. அங்கே எதையும் இறக்கத் தேவையில்லை. எங்கோ யாரோ சொல்லக் கேட்டதை, ஆழக் கிணற்றுக்காரர்களும் கேட்பார்களே என்று சேர்த்துவிட்டாள். செய்து பார்க்காத ஒன்றை அவள் வீடியோவில் சொன்னது அதுதான் முதல் தடவை.

பௌதிகத்தில் பட்டம் எடுத்தும் ஆசிரியர் நியமனம் கிடைக்காதவள் நிஸ்றா. கணவனுக்குக் கட்டாரில் வேலை. நான்கு வருடத்துக்கு முன் அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் பின்னக் கணக்கு விளங்கவில்லை என்று ஒரு தோடம்பழத்தை வெட்டிக் காட்டி, அதை மூன்று நிமிடத்துக்குப் படம்பிடித்துப் போட்டாள். பிறகு கரண்ட் பில்லை வாசிப்பது, தையல் மெசினில் நூல் அறாமல் பார்ப்பது, காஸ் கசிகிறதா என்று சவர்க்கார நுரையில் கண்டுபிடிப்பது என்று வாரத்துக்கு இரண்டு. ஒரு பாடசாலையிலும் கால் வைக்காத அவளை ஊர் பேர் தெரியாதவர்கள் எல்லாம் டீச்சர் என்றார்கள். அந்தச் சொல் அவளுக்குப் பெரிது.

போன வருடம் அவளே ஒரு வீடியோவில் சொல்லியிருக்கிறாள், பூட்டிய அறைக்குள் ஜெனரேட்டரை ஓட்டாதீர்கள், அதன் புகையில் வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, ஆளைச் சத்தமில்லாமல் சாய்த்துவிடும் என்று. கிணற்றுக்கு மேலே வானம் தெரிகிறதே, அதனால் அதையும் இதையும் சேர்த்து யோசிக்க அவளுக்குத் தோன்றவில்லை.

அழிக்கப்போன விரல் நின்றது. அழித்தால் கொமென்ட்களும் போய்விடும். யார் யார் இதைச் செய்யப்போகிறார்கள் என்று பிறகு எப்படித் தெரியும்? மேலிருந்து கீழ்வரை வாசித்தாள். பதினொரு பேர் தாங்களும் செய்யப்போவதாக எழுதியிருந்தார்கள். கடைசி ஆள் நிலோஜன். அரை மணி நேரத்துக்கு முன் எழுதியிருந்தான்.

"எங்கட கிணறு முப்பதடி டீச்சர். ஒம்பது மணிக்கு மிசின் வரும். நானும் அப்பாவும் நீங்க சொன்ன மாதிரியே இறக்கி இறைக்கப்போறம்."

கொமென்ட் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டு வீடியோவை அழித்தாள். நிலோஜன் முன்பு ஒருமுறை மிசின் பெல்ட் பற்றிக் கேட்டு வட்ஸ்அப்பில் பேசியவன். இலக்கம் இருந்தது. அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி அடித்தாள். அதே குரல்.

தங்கை ஸுஹைனாவைக் கூப்பிட்டுப் போனைக் காட்டினாள்.

"இந்தப் பத்துப் பேரையும் எப்பிடியாவது புடி. நேர கதைக்கணும். மிசினை இறக்க வேணாம், இறக்கியிருந்தா ஒருத்தரும் உள்ள போக வேணாமெண்டு சொல்லு."

"நீங்க எங்க போறீங்க?"

"கிரானுக்கு. இவன் கிரானுக்கு அங்கால."

ஸ்கூட்டியை எடுக்கும்போதே கணக்குப் போட்டாள். முதலில் மிசினை மேலே வைத்துத்தான் இறைப்பார்கள். தண்ணீர் இருபத்திரண்டு, இருபத்துமூன்று அடிக்குப் போகும்வரை இழுக்கும். அதன் பிறகுதான் இறக்க வேண்டிவரும். ஒரு மணி நேரம் இருக்கலாம். ஊற்று மெதுவாக இருந்தால் அதுவும் இருக்காது.

வெள்ளம் அரித்த பிரதான வீதியில் கிரான் சந்திக்கு நாற்பது நிமிடம். இரண்டு தரம் நிறுத்தி அடித்துப் பார்த்தாள். எடுபடவில்லை. சந்தியிலிருந்து உள்ளே திரும்பினால், தாழ்வான தாம்போதிப் பாலத்துக்கு மேலாக இன்னும் முழங்கால் அளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்கூட்டி போகாது. உரமூட்டை ஏற்றிய ஒரு உழவு இயந்திரம் கடக்கத் தயாராக நின்றது.

"கதிர்காமத்தம்பிர மகன் நிலோஜன்ட வீடு தெரியுமா?" என்றாள் சாரதியிடம். வட்ஸ்அப்பில் அவன் தன் ஊரையும் தகப்பன் பேரையும் சேர்த்து எழுதியிருந்தது நல்லதாகப் போயிற்று.

"ஓம், வயல் வட்டைக்கு இஞ்சால மேட்டுக் காணி. என்ன விசயம்?"

"கிணத்துக்குள்ள மிசின் இறக்கினா ஆள் செத்துப்போகும். கெதியாப் போங்க அண்ணன்."

அவன் அதற்குமேல் கேட்கவில்லை. மூட்டைகளின் மேல் அவளை ஏறச் சொல்லிவிட்டு உழவு இயந்திரத்தை நீருக்குள் இறக்கினான். தண்ணீர் சில்லுகளை ஒரு பக்கமாகத் தள்ளியது. பத்தடி போவதற்குள் ஒரு யுகம் போனது போல இருந்தது நிஸ்றாவுக்கு. மணி பத்து ஐந்து.

காணி வேலிக்கருகில் இறங்கியபோது மிசின் சத்தம் கேட்டது. வெளியில் ஓடும் மிசினின் படபடப்பு இல்லை அது. நிலத்துக்கு அடியிலிருந்து வருவது போல அமுங்கிக் கேட்டது. மிசினை இறக்கிவிட்டார்கள்.

கிணற்றடியில் ஒரு பெண் தலையில் கைவைத்துக் கத்திக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வயது மதிக்கத்தக்கவன் ஒருவன் கிணற்றுக் கட்டின் மேல் ஏறி ஒரு காலை உள்ளே போட்டுவிட்டான். நிஸ்றா ஓடிப்போய் அவன் சேட்டைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் பிடித்தாள்.

"தம்பி, இறங்க வேணாம். இறங்கினா நீங்களும் ஏற மாட்டீங்க."

"விடுங்க. அப்பா கீழ கிடக்கார். கூப்பிடக் கூப்பிடப் பேசாமக் கிடக்கார்."

அவன் உதறியதில் அவள் முழங்கை கிணற்றுக் கட்டோடு அடிபட்டது. விடவில்லை. அதற்குள் சாரதி வந்து அவனை இடுப்போடு அணைத்து வெளியே இழுத்தான்.

நிஸ்றா எட்டிப் பார்த்தாள். கிணற்றுக்குள் குறுக்கே போட்ட மரங்களில் மிசின் அதிர்ந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்துப் பலகையில் கதிர்காமத்தம்பி சுவரில் சாய்ந்து, தலை தொங்கிக் கிடந்தார். படிகளில் பாசி பிடித்திருந்ததால் இறங்கும்போது இடுப்பில் ஒரு கயிறு கட்டியிருந்தார். அதன் மறுமுனை பக்கத்து மாமரத்தில்.

"அந்தக் கயிறு தாங்குமா?" என்றாள்.

"தாங்கும். மாட்டுக் கயிறு," என்றான் நிலோஜன்.

"எல்லாரும் புடிங்க. ஒருத்தரும் எட்டிப் பாக்க வேணாம். இழுங்க."

நிலோஜனும் சாரதியும் முன்னால், நிஸ்றாவும் அந்தப் பெண்ணும் பின்னால். அவர் பாரமான மனிதர். ஒருமுறை கீழே எதிலோ சிக்கிக் கயிறு நின்றது. நிலோஜன் அழுதுகொண்டே தளர்த்தி மறுபடி இழுத்தான். தோள் கட்டுக்கு மேலே தெரிந்ததும் சாரதி அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப் போட்டான். வேலியோரமாகக் காற்றுப்படக் கிடத்தினார்கள். மூச்சு இருந்தது. சிறிது நேரத்தில் ஓங்காளித்து வாந்தி எடுத்தார். கண் திறந்தது, ஆனால் யாரையும் தெரியவில்லை. கிணற்றுக்குள் மிசின் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவரை உழவு இயந்திரத்தில் ஏற்றிப் புறப்பட்ட பிறகு, பெற்றோல் தீர்ந்து அதுவாக நின்றதாம்.

வழியில் சிக்னல் கிடைத்த இடத்திலிருந்து அழைத்திருந்த அம்புலன்ஸ் தாம்போதிக்கு இக்கரையில் காத்திருந்தது. ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் வைத்தார்கள். பின்னேரம் நான்கு மணிக்கு அவர் மகனின் பேரைச் சொன்னார். அதுவரை வெளி விறாந்தையில் நின்ற நிஸ்றாவிடம் அவர் மனைவி, கிணற்றடியில் கூடக் கயிறு இழுத்த சீதேவிப்பிள்ளை, வந்தாள்.

"நீங்கதானே அந்த வீடியோ டீச்சர்?"

"ஓம்."

"என்ர மனிசன் நாப்பது வருசமாக் கிணறு இறைச்சவர். ஒருநாளும் மிசினை உள்ள இறக்கினதில்ல. நீங்க சொன்னீங்க எண்டுதான் இறக்கினவர்."

"ஓம் அம்மா. நான் பிழையாச் சொல்லிட்டன்."

சீதேவிப்பிள்ளை இன்னும் ஏதோ எதிர்பார்த்தவள் போல நின்றாள். நிஸ்றாவின் முழங்கை வீங்கியிருந்தது. அதைக் காட்டாமல் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஸுஹைனா மற்றப் பத்துப் பேரையும் பிடித்துவிட்டாள். ஒருவர் முதல்நாளே இறக்கி, தலை சுற்றியதும் ஏறி வந்தவர். ஆனால் அழித்த வீடியோ அழியவில்லை. யாரோ போனில் சேமித்து வைத்திருந்ததை வட்ஸ்அப் குழுக்களில் பகிர்ந்துகொண்டே இருந்தார்கள். மூதூரிலிருந்தும் அக்கரைப்பற்றிலிருந்தும் நன்றி சொல்லிக் குரல் செய்தி வந்தது. ஒவ்வொருவரையும் அழைத்து நிஸ்றா வேண்டாம் என்றாள். இரண்டு வாரம் வேறு வீடியோ போடவில்லை. இனிப் போடுவதா என்றே அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் ஓடிக்கொண்டிருப்பதை மறிக்க இன்னொன்றைத்தான் ஓடவிட வேண்டும்.

அவள் மறுபடி கிரானுக்குப் போனாள். கதிர்காமத்தம்பி வீடு வந்திருந்தார். தலையிடி மட்டும் விடவில்லை. உங்கள் கிணற்றடியில் நின்று என் பிழையைச் சொல்ல விடுவீர்களா என்று கேட்டாள். நிலோஜன் தாயைப் பார்த்தான்.

"வேணாம்," என்றாள் சீதேவிப்பிள்ளை. நிஸ்றா போகத் திரும்பியபோது, "நீங்க சொன்னா ஆக்கள் இன்னும் நம்புவாங்களோ தெரியா. நான் சொல்றன்," என்றாள்.

கமெராவைப் பார்க்கச் சொல்லியும் அவள் பார்க்கவில்லை. நிஸ்றாவைப் பார்த்தே பேசினாள். மிசினை உள்ளே இறக்காதீர்கள் என்றாள். உள்ளே ஒருவர் விழுந்தால் இன்னொருவர் இறங்காதீர்கள் என்றாள். பிறகு, தெரியாததைத் தெரிஞ்ச மாதிரிச் சொல்ற ஆக்களை நம்பாதீங்க, இந்த டீச்சரைத்தான் சொல்றன் என்றாள். நிஸ்றா போனை இறக்காமல் பிடித்திருந்தாள்.

அன்று மாலையே அதைப் போட்டாள். ஒரு வினாடியும் வெட்டவில்லை.