பெண் இல்லாத கல்யாணம்

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம் ரியாஸுக்குக் கல்யாணம் நடந்தது. அவனும் மூன்றாம் வகுப்புதான்.

செல்லூரில் நாங்கள் மாடியில் குடியிருந்தோம். கீழ்வீடு ரியாஸுடையது. அதை ஒட்டி அவன் அத்தாவின் லேத் பட்டறை. அப்பாவை அவன் அத்தா என்பான்; எனக்கு அவர் பாய் மாமா. கல்யாணத்தன்று ரியாஸுக்குச் சரிகைத் தலைப்பாகை கட்டி, ரோஜா மாலை போட்டு, வாடகைக் குதிரையில் ஏற்றித் தெருவைச் சுற்றி வந்தார்கள். முன்னால் பேண்டு வாத்தியம் போனது. பெண்ணை மட்டும் எங்கேயும் காணவில்லை.

"அது சுன்னத்துக் கல்யாணம்டா. பொண்ணெல்லாம் கிடையாது" என்றாள் அம்மா.

மறுநாள் அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், அன்றைக்கே திரும்பக் கொண்டுவந்து, புது லுங்கி கட்டிப் படுக்க வைத்தார்கள். பார்க்க வந்தவர்கள் யாரும் வெறுங்கையோடு வரவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவனுக்கு வந்த அல்வாவைத் தின்றுகொண்டே, என்னதான் செய்தார்கள் என்று விசாரித்தேன். காதோடு காதாகச் சொன்னான். எனக்குப் பயம் வரவில்லை. பொறாமைதான் வந்தது. ஒரு துளி தோலுக்கு இவ்வளவு மரியாதையா!

அந்தச் சமயத்தில் எனக்கு வேறொரு தொல்லை இருந்தது. ஒன்றுக்குப் போவதென்றால் உயிர் போகும். முக்கி முக்கி நின்றால் சொட்டுச் சொட்டாக வரும், நெருப்பாக எரியும். அடிக்கடி காய்ச்சலும் வந்தது. இளநீர், பார்லிக் கஞ்சி, களிம்பு என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது. நான் உள்ளே அழுதுகொண்டு நிற்க, அப்பா குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று, "வந்துச்சாடா, வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

டாக்டர் கடைசியில் சொல்லிவிட்டார். "முன்தோல் ரொம்ப இறுகிப்போச்சு. எல்லாப் பிள்ளைகளுக்கும் இது தேவைப்படாது. இவனுக்கு எடுத்துத்தான் ஆகணும். சின்ன ஆபரேஷன்தான்."

அப்பாவின் முகம் மாறிவிட்டது. கப்பலூரில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர் அவர். முழுக்கைச் சட்டையைப் பேன்ட்டுக்குள் விட்டுக்கொண்டுதான் எதையும் பேசுவார். "அது அவுகளுக்கு உள்ளதுங்க டாக்டர். எங்க சாதிசனத்துல தெரிஞ்சா…"

"இதுல சாமி சமாச்சாரம் ஒண்ணும் இல்ல சார். புள்ளைக்கு ஒழுங்கா ஒண்ணுக்குப் போகணும். அம்புட்டுதான்."

அப்பா அசையவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மாவுக்கும் அவருக்கும் சண்டை. மறுநாள் அம்மா அழுத முகத்தோடு கீழே போய் ரியாஸின் அம்மாவிடம் என்னவோ பேசிவிட்டு வந்தாள். சாயந்தரம் பாய் மாமா கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே மாடியேறி வந்தார்.

"மாப்ள, நாங்க செய்யுறது மார்க்கம். இப்ராகிம் நபி காலத்துலருந்து வர்ற கடமை. உங்க மகனுக்கு அது வைத்தியம். ரெண்டையும் ஏன் போட்டுக் கொழப்பிக்கிறீங்க?"

"நாளைக்கு ஒரு பேச்சு வந்தா என்ன பாய் செய்ய?"

"வந்துட்டுப் போகட்டும். புள்ள அழுகுற சத்தம் கீழ பட்டறை வரைக்கும் கேக்குது. மெஷினை நிப்பாட்டிட்டு உக்காந்துருக்கேன் மாப்ள, கேக்க முடியல."

அப்பா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். பிறகு, "உங்க டாக்டர் யாரு?" என்று கேட்டார்.

நான் போட்ட நிபந்தனை ஒன்றுதான். குதிரை வேண்டும். குதிரை கிடைக்கவில்லை. பாய் மாமாவின் டி.வி.எஸ். வண்டியில் அவருக்கு முன்னால் நின்றுகொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கையில் ஓர் ஊசி போட்டதும் தூக்கம் வந்தது. கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அப்பா என் உள்ளங்காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

சொந்தக்காரர்களுக்குக் குடலிறக்க ஆபரேஷன் என்று சொல்லி வைத்திருந்தார்கள். காளவாசலிலிருந்து பெரியப்பா ஆப்பிளோடு வந்தார். தலைமாட்டில் உட்கார்ந்து, "குடலு எறங்குற வயசாடா இது, பாவம்" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்துவிட்டு வந்தவனை, குடல் இறங்கியவன் என்றால் எப்படி?

"குடலெல்லாம் இல்ல பெரியப்பா. எனக்குச் சுன்னத்து. ரியாஸுக்குச் செஞ்ச அதே டாக்டர்தான்."

அப்பா சுவரோடு சுவராகிப் போனார். அம்மா காபித் தம்ளரோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். பெரியப்பா என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார்.

"இப்ப ஒண்ணுக்கு நல்லாப் போகுதா?" என்று கேட்டார்.

"இனிமேத்தான் போகணும்."

"போயிட்டுச் சொல்லு" என்றவர், அப்பா பக்கம் திரும்பி, "வலி போனாச் சரிதானப்பா. இதப் போயி எங்கிட்ட மறைச்சியாக்கும்" என்று சொல்லிவிட்டுக் காபியை வாங்கிக்கொண்டார்.

அவ்வளவுதான். அப்பா பல நாள் பயந்து கிடந்த பேச்சு அவ்வளவில் முடிந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் ரியாஸ் தன் சரிகைத் தலைப்பாகையோடு மாடியேறி வந்து, அதை என் தலையில் கவிழ்த்தான். "மொத ரெண்டு நாளு எரியும். அப்புறம் ஒண்ணும் இல்ல" என்று அனுபவஸ்தனாகத் தைரியம் சொன்னான். அவன் அம்மா நெய்யில் வதக்கிய முட்டையைக் கொடுத்தனுப்பியிருந்தார்.

அவன் சொன்னது போலவே எரிச்சல் போனது. ஒருநாள் காலையில் குளியலறையில் எந்தச் சிரமமும் இல்லாமல், தடையில்லாமல், சத்தத்தோடு போனது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அப்பா, வருதுப்பா! கேக்குதா?" என்று கத்தினேன். கதவைத் திறந்தால், அப்பா சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. "கொஞ்சங்கூட வலிக்கலையாடா?" என்று கேட்டார். இல்லை என்றேன். நம்பாதவர் மாதிரி மறுபடியும் கேட்டார்.

அடுத்த மாதம் ஏதோ மெஷின் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு, அப்பாவும் பாய் மாமாவும் சேர்ந்து புறப்பட்டுப் போனார்கள். மறுநாள் ஆட்டோவில் திரும்பினார்கள். பேன்ட் இல்லாமல் தெருவில் இறங்காத அப்பா வேட்டியில் இருந்தார். பாய் மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக மாடியேறினார். மெஷினைத் தூக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டதாம். பாய் மாமாதான் சொன்னார், என் முகத்தைப் பார்க்காமல். அம்மா விறுவிறுவென்று சமையலறைக்குள் போனாள். பின்னாலேயே போய்ப் பார்த்தால், சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் கண்ணீரும் வழிந்தது. வலியில் துடிக்கிற மனிதரைப் பார்த்துச் சிரிக்கிறாளே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அப்பாவுக்குச் சர்க்கரை வந்ததிலிருந்து என்னுடைய தொல்லைதான் அவருக்கும் என்பதையும், ஒரு டாக்டர் எப்போதோ இதே ஆபரேஷனைச் சொல்லியும் வெட்கப்பட்டு அதை வருஷக்கணக்கில் ஒளித்து வைத்திருந்தார் என்பதையும், என் கல்யாணத்துக்குப் பிறகுதான் அம்மா சொன்னாள். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுவலிதான். அலமாரியிலிருந்து தைலப் புட்டியை எடுத்து வந்தேன்.

"குப்புறப் படுங்கப்பா, தேச்சு விடுறேன்."

"குப்புற முடியாதுடா."

"அப்ப ஒருக்களிச்சுப் படுங்க."

அதற்கும் சற்று யோசித்துவிட்டு, மெல்ல, மிக மெல்லச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். என் பலம் முழுவதையும் திரட்டி அழுத்தித் தேய்த்தேன். வேண்டாமென்று அவர் சொல்லவே இல்லை. "வலி கொறையுதாப்பா?" என்று கேட்டதற்கு, "நல்லாக் கொறையுதுடா" என்றார். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தைலத்தின் காரம் கண்ணில் ஏறிவிட்டது போல என்று நினைத்து, புட்டியை இறுக மூடித் தள்ளி வைத்துவிட்டு, மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தேன்.