ஜன்னல் இல்லாத ஜன்னல் சீட்

டிக்கெட் போட்டுக் கொடுத்தால் ஜனங்கள் நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். சீட் பார்த்துக் கொடுத்தால்தான் திரும்பி வருவார்கள், சண்டைக்கு.

சிவகாசியில் ஒரு பேப்பர் கடையின் மாடியில் என்னுடைய டிராவல்ஸ் இருக்கிறது. நானும், கம்ப்யூட்டரில் உட்காரும் செல்வராணியும் மட்டும்தான். பட்டாசுக் கம்பெனிக்காரர்கள் சீனாவுக்குப் போவார்கள். அச்சகக்காரர்கள் மெஷின் பார்க்க ஜெர்மனிக்குப் போவார்கள். மிச்சப் பேர் பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று போவார்கள். எங்கே போனாலும் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "நல்ல சீட்டாப் பாத்துப் போடுங்க." இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு என் வேதனை புரியும். ஒரு கல்யாண மண்டபக் கூட்டமே உட்காருகிற விமானத்தில் எல்லோருக்கும் நல்ல சீட் என்று ஒன்று கிடையாது. ஒருத்தர் கும்பிட்டு வாங்கிக்கொள்கிற சீட்டில் இன்னொருத்தர் உட்கார்ந்தால் என்னைச் சபிப்பார். புரியாதவர்கள் இதைப் படித்துவிட்டு, எங்கள் மாடிப்படி ஏறும்போது கொஞ்சம் இரக்கத்தோடு ஏறவும்.

ஜன்னல்

முதலில் தங்கப்பாண்டி சார். தீப்பெட்டிக் கம்பெனியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். லண்டனில் இருக்கும் மகள் வீட்டுக்குப் புறப்பட்டார். விமானம் ஏறுவது அதுதான் முதல் தடவை. "எனக்குச் சாப்பாடு முக்கியமில்லம்மா, தூக்கம் முக்கியமில்ல. கடலையும் மலையையும் மேல இருந்து பாத்துரணும். ஜன்னல் மட்டும் போட்டுருங்க" என்றார். பகலில் போகிற விமானமாகத் தேடி, இறக்கை மறைக்காத வரிசையாகத் தேடி, ஓரத்தில் போட்டுக் கொடுத்தேன். பக்கத்து வீட்டில் பைனாகுலர் இரவல் வாங்கிக்கொண்டு போனார்.

சில பெரிய விமானங்களில் ஏதாவது ஒரு வரிசையில் மட்டும் ஏசி குழாய் சுவருக்குள்ளே இறங்கும். அந்த இடத்தில் ஜன்னல் வைக்க மாட்டார்கள். சீட் படத்தில் இது தெரியாது, போய் உட்கார்ந்தால்தான் தெரியும். சார் இங்கிருந்து லண்டன் வரை சுவரைப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறார். கழுத்தை நன்றாகத் திருப்பினால் பின் வரிசை ஜன்னல் பாதி தெரிந்திருக்கிறது. அதையும் அங்கே இருந்தவர் கண் கூசுகிறது என்று மூடிவிட்டாராம். இறங்கியதும் மகளுடைய போனை வாங்கி எனக்குத்தான் முதலில் பேசினார். குரலில் கோபமே இல்லை. "ஓரத்து சீட்டுன்னு சொன்னீக, சீட்டு ஓரமாத்தான் இருந்துச்சும்மா. ஜன்னலைத்தான் வைக்காம விட்டுட்டாக."

கிழக்குப் பார்த்த சீட்

இவர் காலண்டர் அச்சடிக்கும் கம்பெனியின் முதலாளி. பேரைச் சொன்னால் அடுத்த வருஷக் காலண்டர் எனக்கு வராது. ஜெர்மனியில் அச்சு மெஷின் கண்காட்சி. வெள்ளிக்கிழமை புறப்பட்டால்தான் உண்டு, வேறு நாளில் இடம் இல்லை. டிக்கெட் போட்டு முடித்த பிறகு தன் கம்பெனி காலண்டரையே புரட்டிப் பார்த்திருக்கிறார். வெள்ளி, சூலம் மேற்கு. மேற்கே போகக்கூடாத நாளில் மேற்கே போக வேண்டும். பரிகாரத்துக்கு வெல்லம் தின்றுவிட்டுக் கிளம்பலாம், ஆனாலும் மனசு ஒப்பவில்லை என்றார். "மூஞ்சி மேற்க பாக்காம உக்கார்ற மாதிரி சீட்டு எதுவும் இருக்கா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் செல்வராணி கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினாள். சில விமானங்களில் பிசினஸ் கிளாஸில் ஒரு சீட் முன்னே பார்த்து இருக்கும், அடுத்தது பின்னே பார்த்து இருக்கும். பின்னே பார்த்த சீட்டில் உட்கார்ந்து மேற்கே போனால் முகம் கிழக்கே இருக்கும். முதலாளி எழுந்து நின்று செல்வராணிக்குக் கும்பிடு போட்டார்.

விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது எல்லோரும் சீட்டில் சாய்வார்கள். பின்னே பார்த்து உட்கார்ந்தவர் மட்டும் பெல்ட்டில் தொங்குவார். முதலாளி தொங்கினார். தின்ற வெல்லம் வெளியே வந்தது. பக்கத்து சீட் எதிர்ப்பக்கம் பார்த்தது அல்லவா, அதில் இருந்த வெள்ளைக்காரர் இதையெல்லாம் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே இருந்தாராம். ஊர் திரும்பியதும் மாடியேறி வந்தார். திட்டப் போகிறார் என்று தண்ணீர் எடுத்து வைத்தேன். தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னார்: "போற தேதிய முன்னமே சொல்லியிருந்தீகன்னா, அன்னிக்குச் சூலத்த வடக்குன்னு அடிச்சிருப்பேனே."

சுவர் வரிசை

குருசாமி அண்ணாச்சி பட்டாசு மொத்த வியாபாரி. நல்ல உயரம். சாதாரண சீட்டில் உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் முட்டும். தீபாவளி சீசன் முடிந்து கனடாவில் தம்பி வீட்டுக்குப் புறப்பட்டார். முன்னால் சீட் இல்லாமல் தடுப்புச் சுவர் மட்டும் இருக்கிற வரிசை வேண்டும் என்றார். காலை நீட்டலாம், யாரும் முன்னால் சாய மாட்டார்கள். "ஆனா அண்ணாச்சி, கைக்குழந்தைக்குத் தொட்டில் மாட்டுறதும் அந்தச் சுவத்துலதான்" என்றேன். "மாட்டட்டும்மா. பிள்ளைக தூங்கப் போகுது. வெடிக்கடைக்காரன் சத்தத்துக்குப் பயப்படுவானா?" என்றார்.

அந்த வரிசையில் அன்றைக்கு மூன்று தொட்டில் மாட்டினார்களாம். ஒன்று அழுது ஓய்ந்ததும் அடுத்தது பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் இருந்த பெண் கைக்குழந்தையோடு தனியாக வந்தவள். ஒரு வாய் சாப்பிட முடியாமல் தட்டை வைத்துக்கொண்டு தவித்திருக்கிறாள். அண்ணாச்சி குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அது தோளில் இருந்தால் தூங்கும், உட்கார்ந்தால் விழிக்கும். அதனால் வழி நெடுகவும் நடந்தார். காலை நீட்டுவதற்கு வாங்கிய இடத்தில் அவருடைய செருப்பு மட்டும் பயணம் செய்தது. இறங்கும்போது அந்தப் பெண் அழுதே விட்டாளாம். அண்ணாச்சி என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "பத்தாயிரம் சரமா இருந்தாலும் ஒரு எடத்துல முடிஞ்சிரும் தாயி. இதுக்குத் திரி எங்கன இருக்குன்னே தெரியல."

படித்துப் பார்த்து எடுத்த சீட்

பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தம்பி ஒருவர். கம்பெனி அவரை அமெரிக்காவுக்கு அனுப்பியது. டிக்கெட் மட்டும் போட்டால் போதும், சீட் நானே எடுத்துக்கொள்கிறேன் என்றார். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கலர் போட்ட படங்களை எங்களுக்கே காட்டி வகுப்பெடுத்தார். கழிப்பறை தூரம், சமையல் இடம் தூரம், சாய்மானம், இன்ஜின் சத்தம் எல்லாம் பார்த்து, பச்சையிலும் பச்சையான ஒரு சீட்டைப் பிடித்தார். செல்வராணி பயபக்தியோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

புறப்படுகிற அன்று ஏதோ கோளாறு என்று வேறு மாடல் விமானத்தைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். எல்லோருக்கும் புது சீட். தம்பிக்குக் கடைசி வரிசை, நடு சீட், முதுகுக்குப் பின்னால் கழிப்பறை. அங்கிருந்தே போட்டோ எடுத்து அனுப்பினார். செல்வராணி அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் வேலையில் உட்கார்ந்தாள். "சீட்ட நல்லாத்தான் பாத்தாரு. பிளேனப் பாக்க விட்டுட்டாரு."

நடுவில் ஒருவர்

வெம்பக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு கணவன் மனைவி வந்தார்கள். சீனியப்பன், ராஜாமணி. தோட்டம், கிணறு எல்லாம் இருக்கிறது. ஏதோ ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகலாமா வேண்டாமா என்பதில் ஆரம்பித்து, ரொம்ப காலமாக இரண்டு பேருக்குள்ளும் பேச்சுவார்த்தை இல்லை. அமெரிக்காவில் மகன் புது வீடு கட்டிப் பால் காய்ச்சுகிறான், இரண்டு பேருமே போயாக வேண்டும். "அவுகளுக்கு ஜன்னல் வேணுமான்னு கேளுங்க" என்று அந்த அம்மா என்னிடம் சொன்னார். "அவளுக்குத்தான் மூச்சு முட்டும், அவளுக்கே குடுங்க" என்று அவர் என்னிடம் சொன்னார். இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தது ஒரே பெஞ்சில்.

எங்கள் தொழிலில் ஒரு வித்தை உண்டு. மூன்று சீட் வரிசையில் ஜன்னலும் நடைபாதை ஓரமும் எடுத்துவிட வேண்டும். தனியாக வருகிறவர் யாரும் நடு சீட்டை விரும்பி எடுப்பதில்லை. பெரும்பாலும் அது காலியாகவே போகும், இரண்டு பேருக்கு மூன்று சீட். அப்படியே போட்டேன். விமானம் நிறைந்துவிட்டது. நடுவில் வந்து உட்கார்ந்தது ஆஜானுபாகுவான ஒரு பஞ்சாப் பையன். வேறு கணவன் மனைவியாக இருந்தால் யாராவது ஒருத்தர் நகர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். இவர்கள் நகரவில்லை.

"தம்பி, அவுக பிரஷர் மாத்திரை போட்டாகளான்னு கேளுப்பா" என்று அந்த அம்மா ஆரம்பித்திருக்கிறார். பையனுக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினான். "போட்டாச்சுன்னு சொல்லுப்பா" என்றார் சீனியப்பன். அதற்கும் ஆட்டினான். மாத்திரையில் தொடங்கி, கிணற்று மோட்டார், மகன், மருமகள், கடைசியில் அந்தக் கல்யாணம் வரைக்கும் வந்துவிட்டார்கள். அத்தனையும் அவன் முகத்தைப் பார்த்துத்தான். அவன் பயந்துபோய், இந்தப் பக்கம் ஒரு முறையும் அந்தப் பக்கம் ஒரு முறையும் தலையாட்டிக்கொண்டே அமெரிக்கா போய்ச் சேர்ந்தான். திரும்பி வர டிக்கெட் போடுவதற்காக ராஜாமணி அம்மா போனில் கூப்பிட்டார். இந்தத் தடவை பக்கத்துப் பக்கத்தில் போடட்டுமா என்று கேட்டேன். "வேண்டாந்தாயி, அந்த மாதிரியே போடுங்க. நடுவுல தமிழ் தெரியாத பிள்ளையாப் பாத்துப் போட்டுருங்க."

கதவு

மாரியம்மாள் அக்காவுக்கு சாத்தூர் பக்கம். பட்டாசு வேலை பார்த்தே மகளை நர்ஸ் படிக்க வைத்தவர். மகளுக்கு அயர்லாந்தில் வேலை, அங்கே தலைப்பிரசவம். துணைக்கு அம்மாதான் போக வேண்டும். டிக்கெட்டை மகளே போட்டுவிட்டாள். சீட் மட்டும் அம்மாவைக் கேட்டுப் போட்டுக் கொடுங்கள் என்று எனக்குச் சொல்லியிருந்தாள். அக்கா மாடியேறி வந்து, என் மேஜைக்கு முன்னால் போட்டிருந்த நாற்காலியில் உட்காராமல், வாசலை ஒட்டிப் போட்டிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். கூச்சம் என்று நினைத்தேன். ஜன்னல் வேண்டுமா என்று கேட்டேன். "கதவு எங்கன இருக்கு?" என்றார்.

படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். கதவை ஒட்டிய வரிசையில் விரலை வைத்தார். அப்போதுதான் அந்தக் கையைப் பார்த்தேன். வலது கையில் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, தோல் இழுத்துக்கொண்டிருந்தது. பல வருஷத்துக்கு முன்னால் கம்பெனியில் நடந்த விபத்து. வாசலோரம் உட்கார்ந்திருந்ததால் அக்கா கைக் காயத்தோடு தப்பித்தார். உள்ளே தள்ளி உட்கார்ந்திருந்த சிநேகிதி வெளியே வரவில்லை. அதிலிருந்து எங்கே போனாலும் வாசலோரம்தான், வீட்டிலும் வாசல் நடையில்தான் படுக்கை. ஆனால் கதவை ஒட்டிய வரிசையை நான் அவருக்குப் போட முடியாது. அவசரத்துக்குக் கதவைத் திறக்க உதவுகிறவர்களுக்குத்தான் அந்த இடம். கை முடியாதவர்களுக்குக் கொடுக்க மாட்டார்கள். செல்வராணி மெதுவாக, "பறக்கும்போது யாராலயும் திறக்க முடியாதுக்கா" என்றாள். அக்காவுக்கு அது தெரிந்திருந்தது. "திறக்க வேண்டாந்தாயி. கண்ணுல பட்டாப் போதும்."

நானும் செல்வராணியும் அன்று வேறு வேலை பார்க்கவில்லை. கதவு வரிசைக்கு அடுத்த வரிசையில், நடைபாதை ஓரத்தில், கதவு நேராகத் தெரிகிற ஒரு இடம் இருந்தது. அதைப் போட்டோம். ஆனால் அக்கா போய் உட்கார்ந்ததும் ஒரு புது ஜோடி வந்து, நாங்கள் சேர்ந்து உட்கார வேண்டும், நீங்கள் அந்தப் பக்கம் போங்கள் என்று கையைக் காட்டியிருக்கிறார்கள். இவர் அசையவில்லை. பணிப்பெண் வந்து இங்கிலீஷில் கேட்டிருக்கிறாள். அக்கா கதவைக் காட்டினார், பிறகு தன் கையைக் காட்டினார். அந்தப் பெண் கையைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். ஜோடியிடம் முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

பேரன் பிறந்து, அவனுக்கு முகம் பார்த்துச் சிரிக்கத் தெரிந்த பிறகுதான் அக்கா ஊர் திரும்பினார். இருக்கன்குடிக் கோயிலுக்குப் போய்விட்டு, திருநீறு குங்குமத்தோடு எங்கள் மாடிக்கும் வந்தார். அதே ஸ்டூலில்தான் உட்கார்ந்தார். அம்புட்டு தூரமும் பயந்துகொண்டே போனீர்களா என்று கேட்டேன். "இல்ல தாயி, நல்லாத் தூங்கிட்டேன். பிளேன் கெளம்பையில இங்கிலீஷ்ல கேட்டுச்சே, அந்தப் பிள்ள கதவ ஒட்டி மடிச்சிருந்த ஒரு பலகைய இழுத்துப் போட்டு, என்னையப் பாத்தாப்பல உக்காந்துச்சு. சரி, கதவ அது பாத்துக்கிடும்னு கண்ண மூடிட்டேன்."

இப்போதெல்லாம் யார் வந்து நல்ல சீட் கேட்டாலும் உங்களுக்கு எதைக் கண்டு பயம் என்றுதான் முதலில் கேட்கிறேன். ஒருத்தரும் சொல்வதில்லை, எல்லோரும் கால் நீட்ட இடம் இருந்தால் போதும் என்கிறார்கள்.