இருபதாவது மாணவர்

அந்தச் சமுதாயக் கல்லூரிக்கு இன்று நான்கு மாடி, இரண்டு லிஃப்ட், வாசலில் கண்ணாடிக் கதவு. ஆள் கிட்டே போனால் தானே திறந்துகொள்ளும். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அதே கல்லூரிக்கு இருந்தது ஒரே ஒரு துருப்பிடித்த ஷட்டர். தம் பிடித்துத் தூக்க வேண்டும். தினமும் தூக்கியவர் மோட்டார் காயில் கட்டுகிற வைண்டிங்காரர். கடை அவருடையது, பெஞ்சு அவருடையது, சொல்லிக்கொடுத்த வேலையும் அவருடையது. பட்டம்தான் கிடையாது. பத்தாவதோடு படிப்புக்கு முழுக்குப் போட்டவர்.

பட்டம் வைத்திருந்தவன் அவர் மச்சினன், மனைவியின் தம்பி. வேலை கிடைக்காமல் அக்கா வீட்டிலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்த நாளில் அவனுக்குத்தான் அந்த யோசனை வந்தது.

"மச்சான், சாயங்காலம் கடை சும்மாதானே கிடக்கு? படிப்ப விட்டவங்களுக்கு வைண்டிங் சொல்லிக் குடுங்க. எழுத்து வேலை, அலைச்சல் எல்லாம் நான் பாத்துக்கறேன்."

அலைந்தான், அதில் குறை சொல்வதற்கில்லை. செருப்புத் தேய அலைந்து, அங்கீகாரத்துக்கு மனுப் போட்டு, கடைசியில் ஆய்வு அதிகாரியையே வரவழைத்துவிட்டான்.

இருபது பேர் படித்தால்தான் அங்கீகாரம். அன்று பார்த்து ஒருவர் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டார். பெஞ்சில் பத்தொன்பது பேர். வாத்தியார் என்றால் பட்டம் கேட்பார்களோ என்ற பயம் வேறு. அதிகாரி தெருமுனையில் இறங்கிவிட்டார். மச்சினனுக்குப் பேயறைந்த முகம்.

"மச்சான், நீங்க பெஞ்சில உக்காருங்க. நான் போர்டுகிட்ட நிக்கறேன்."

"உனக்கு மோட்டார் எந்தப் பக்கம் சுத்தும்னாவது தெரியுமாடா மாப்ள?"

"அரை மணி நேரம்தான் மச்சான். ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்."

உட்கார்ந்தார். பதிவேட்டில் இருபதாவது மாணவராகக் கையெழுத்தும் போட்டார். அதிகாரி எதைக் கேட்டாலும் மச்சினன் தொண்டையைச் செருமுவான். கடைசி பெஞ்சிலிருந்து இருபதாவது மாணவர் எழுந்து பதில் சொல்வார். எத்தனை சுற்று, ஏன் அத்தனை, ஒரு சுற்று தப்பினால் எங்கே சூடேறும் என்று ஒன்று விடாமல் சொன்னார். "வயசு கூடின மாணவர்னாலும் கெட்டிக்காரர், நல்லா வருவார்" என்று அதிகாரி அவர் முதுகில் தட்டினார். போட்டோ ஒன்றும் எடுத்துக்கொண்டார். அங்கீகாரம் வந்தது. இந்தக் கதையைச் சொல்லி வீட்டில் எத்தனை வருஷம் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார்கள்! கேலி செய்ய நினைத்தால் மனைவி அவரை 'இருபது' என்றுதான் கூப்பிடுவாள்.

கடை போய் வாடகைக் கட்டடம் வந்தது. தையல் வகுப்பு, கணினி வகுப்பு, நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் படிப்பு என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. மச்சினன் மேலே மேலே படித்து முதல்வரானான். வைண்டிங்காரர் அதே நீலச் சட்டையும் வார்னிஷ் வாடையுமாக வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். பெயருக்குப் பக்கத்தில் 'தற்காலிகம்' என்று இருந்தது. வீட்டுப் பிள்ளையிடம் போய் இதையெல்லாமா கேட்பது என்று சும்மா இருந்துவிட்டார். அந்த வெள்ளை மனசை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

நான்கு மாடி எழும்பியதும் புது விதி வந்தது. பட்டம் இல்லாதவர் வகுப்பெடுக்கக் கூடாது. தொடக்க நாளிலிருந்தே கற்பித்தவருக்கு மட்டும் விலக்கு. அவர் கவலையே படவில்லை. மச்சினன் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் வகுப்பு அவருடையது.

மச்சினன் பழைய பதிவேட்டை விரித்து, இருபதாவது வரியில் விரலை வைத்தான்.

"இதுல நீங்க மாணவர்னு இருக்கு மச்சான். தொடக்க நாள் வாத்தியார்னு என் பேருதான் இருக்கு."

"அது எப்படி வந்துச்சுன்னு உனக்குத் தெரியாதா மாப்ள?"

"தெரியும். ஆனா அதை இப்ப எழுதினா அன்னிக்கு ஏமாத்தினோம்னு ஆயிடும். காலேஜ் பேரு கெட்டுடும்." பதிவேட்டை மூடினான். "என் பேரும்தான்."

வீட்டில் சொன்னார். மனைவி, "பெரிய பொறுப்புல இருக்கான். நாமதான் கொஞ்சம் விட்டுக் குடுக்கணும்" என்றாள். தம்பி சொன்னதைவிட அதுதான் அவருக்கு அதிகம் வலித்தது. இருபத்தைந்து வருஷமாக விட்டுக்கொடுத்ததை அவளாவது எண்ணி வைத்திருப்பாள் என்று நம்பியிருந்தார்.

வெள்ளி விழாவுக்கு அழைப்பு வந்தது, முதல் அணி மாணவர்களைப் பாராட்டப் போகிறார்களாம். மனைவி சட்டையைத் தேய்த்து வைத்துவிட்டதால் போனார். மண்டபச் சுவர் முழுக்க அந்தப் பழைய போட்டோ. கையில் சாக்பீஸோடு மச்சினன், கடைசி பெஞ்சில் அவர். கீழே, 'முதல் வகுப்பை நடத்தும் நிறுவனர்'. இருபதாவது பெயராக அவரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். வைண்டிங் படிப்பை முடித்ததற்குச் சான்றிதழ். ஆசிரியர் கையெழுத்து, மச்சினனுடையது. எல்லாரும் கைதட்டினார்கள்.

இறங்கி வந்தவரை மச்சினன் வராந்தாவில் ஓடிவந்து பிடித்தான். நெற்றியெல்லாம் வேர்வை.

"மச்சான், மாடிக்குத் தண்ணி ஏத்தற மோட்டார் புகைஞ்சிடுச்சு. பெரிய பெரிய ஆளுங்க வந்திருக்காங்க, ஒரு குழாயிலயும் தண்ணி இல்ல. கொஞ்சம் வந்து பாருங்களேன்."

வைண்டிங்காரர் சுருட்டி வைத்திருந்த சான்றிதழை நிதானமாக விரித்தார். கையெழுத்தின்மேல் விரலை வைத்துக் காட்டினார்.

"எனக்குச் சொல்லிக் குடுத்த வாத்தியாரே நீங்கதானே, சார். நீங்களே பாருங்க."