இத்தாலியிலிருந்து வந்த மாதா பாட்டு

போன வாரம் பல் பிடுங்கிக்கொள்ளப் போயிருந்தேன். தூத்துக்குடியில் இப்போது பல் மருத்துவமனைகளுக்கும் ஏசி அறை, கூரையில் ஸ்பீக்கர் எல்லாம் வந்துவிட்டன. என் முறைக்காக உட்கார்ந்திருந்தபோது மேலேயிருந்து ஒரு கிழவரின் கனத்த குரல் கடகடவென்று ஓட ஆரம்பித்தது. நடுவில் ஒரு பெண்குரல் வழுக்கிக்கொண்டு மேலே ஏறியது. எனக்குக் காது மடல் சூடாகித் தலை தானாகக் குனிந்தது. பக்கத்திலிருந்த அம்மாள், வலியென்று நினைத்து, கிராம்பு கடிக்கச் சொன்னார். வலியில்லை, வெட்கம்.

அந்தப் பாட்டை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் சித்தப்பா, அப்பாவின் தம்பி. இத்தாலிச் சரக்குக் கப்பலில் சமையல்காரர். ஒரு விடுமுறைக்கு வந்தபோது ரெக்கார்டு பிளேயரும், மேலட்டை கிழிந்த பெட்டிக்குள் சில இசைத்தட்டுகளும் கொண்டுவந்தார். சினிமாப் பாட்டை வாசல்படி ஏற விடாதவள் அம்மா. இது என்ன பாட்டு என்று கேட்டாள். மாதா பாட்டு, ரோமாபுரிக் கோயிலில் பாடுவது என்றார் சித்தப்பா. விசாரணை அத்தோடு முடிந்தது.

அந்தப் பெட்டியைத் திறந்தால் டீசலும் சோப்பும் காப்பிக்கொட்டையும் கலந்த ஒரு கப்பல் வாசனை வரும். அது மூக்கில் பட்டாலே எனக்குக் கால் மடங்கிவிடும். ஏனென்றால் நாங்கள் முழந்தாளிட்டுத்தான் பாட்டுக் கேட்டோம்! கிழவர் கடகடவென்று பாடுவது மன்றாட்டு மாலை என்று அம்மா முடிவு செய்திருந்தாள். அவர் மூச்சு வாங்குகிற இடத்திலெல்லாம் “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்பாள், நாங்களும் சொல்லுவோம். தவக்காலத்தில் பக்கத்து வீட்டுப் பெண்களும் முக்காடு போட்டு வந்து சேர்ந்துகொள்வார்கள். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், அதிகம் பேசமாட்டார். அவர் மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பித் துண்டால் முகத்தை மூடிக்கொள்வார். தோள் குலுங்கும். இவ்வளவு பக்தி எனக்கு வரவில்லையே என்று பொறாமையாக இருக்கும். நானோ கல்லூரிக்காரி. பெண்குரல் மேலே ஏறுகிற இடம் மாதாவின் விண்ணேற்பு என்று தோழிகளுக்கு விளக்கம் வேறு சொல்லியிருக்கிறேன்.

நான் பள்ளிக்கூட வேலையில் சேர்ந்த வருஷம் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். சித்தப்பா கடலில் இருந்தார். உடலைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது, அவருக்குப் பிடித்த பாட்டைப் போடச் சொன்னாள் அம்மா. போட்டேன். தெருவுக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டியும் வைத்தேன். அடக்கத்துக்கு வந்த வயதான சாமியார் ரோமாபுரியில் படித்தவர். வாசலில் செருப்பைக் கழற்றியவர் அப்படியே நின்றுவிட்டார். செபப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். சாமியே அழுகிறாரே என்று பெண்கள் இன்னும் சத்தமாக அழுதார்கள். நான் நின்ற இடத்திலிருந்து மட்டும் அவர் வாய் தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தார்.

கல்லறைத் தோட்டத்தில் அவரே என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “மன்னிச்சுக்கோ மகளே, அடக்க முடியல,” என்றார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். அது ஒரு வேடிக்கை நாடகத்தின் பாட்டு. கஞ்சக் கிழவர் ஒருவர் பேத்தி வயதுப் பெண்ணைக் கட்டிக்கொள்ளத் துடிக்கிறார். முட்டி வலி கிடையாது, பல் ஒன்றும் ஆடவில்லை என்று தன் பெருமைகளை அடுக்குகிறார். அவள் அவரைக் கேலி செய்கிறாள். அப்பாவின் குழியை அதற்குள் மூடிவிட்டார்கள். இல்லாவிட்டால் நானும் இறங்கியிருப்பேன்.

அம்மாவிடம் மூச்சு விடவில்லை. ஆனால் முப்பதாம் நாள் பூசையில் அந்தப் பாட்டைக் கோயில் ஒலிபெருக்கியிலேயே போட வேண்டும் என்று அவள் கிளம்பிவிட்டாள். புன்னைக்காயலிலிருந்து சொந்தமெல்லாம் வருகிறது. அதற்குள் சித்தப்பாவும் ஊர் வந்து சேர்ந்தார். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, சாமியார் சொன்னதை அம்மாவிடம் ஒப்பித்தேன்.

அம்மா முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே இருந்தாள். எத்தனை பேரை முழந்தாளிட வைத்துவிட்டேன் என்று முணுமுணுத்தாள். பிறகு சுவரிலிருந்த அப்பா படத்தைப் பார்த்துவிட்டுச் சித்தப்பாவைப் பார்த்தாள்.

“அவுகளுக்குத் தெரியுமா?”

சித்தப்பா தரையைப் பார்த்தார். “நான் வந்த மறுநாளே தெரியும் மதினி. கதைய முழுசாக் கேட்டாக. உங்களுக்குத் தெரிஞ்சா நிப்பாட்டிருவீகன்னு, சொல்லாதலேன்னுட்டாக.”

“அப்போ துண்ட மூடிக்கிட்டு அழுதது?”

“அழல மதினி.”

அம்மா கீரையை அப்படியே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். முப்பதாம் நாள் பூசை பாட்டில்லாமல் முடிந்தது. பெட்டியைச் சித்தப்பாவே திரும்ப எடுத்துப் போனார். அதைப் பற்றி அம்மா அதன்பின் பேசவே இல்லை. ஊர் சிரித்துவிடும் என்றுதான் நான் வெட்கப்பட்டேன். அம்மாவின் வெட்கம் வேறு என்று புரிய எனக்கு நாளாயிற்று. சொந்த வீட்டில், பெண்டாட்டி பிள்ளைக்கு முன்னால், ஒரு மனுஷன் ஒளிந்து சிரித்திருக்கிறார். அவரை ஒளிய வைத்ததில் எனக்கும் பங்கு உண்டு என்பதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

இந்த வாரம் முழுக்க, மகனிடம் சொல்லித் தேடி எடுத்து, அந்தப் பழைய பதிவைக் கேட்கிறேன். என்ன பாட்டு! அத்தனை வேகத்திலும் கிழவர் ஒரு சொல்லை விழுங்குவதில்லை. மூச்சு முட்டுவதாக நடிக்கிறார், முட்டவில்லை. அந்தப் பெண் உச்சியில் போய் நின்று சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பும் சுரம் தப்பாமல் விழுகிறது. சித்தப்பா பெரியதாழையில் மகள் வீட்டில் இருந்து காலமாகிவிட்டார். அம்மாவும் போய்விட்டாள். வீட்டை வாங்கியவர்கள் இடித்துவிட்டு மூன்று கடைகள் கட்டியிருக்கிறார்கள். நாங்கள் நாலு பேரும் ஒரே ஒரு சாயங்காலம் அந்தக் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்து, சித்தப்பா வரிக்கு வரி அர்த்தம் சொல்ல, கேட்டுச் சிரித்திருக்கலாம். அப்பா வாய்விட்டுச் சிரித்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.