மேட்டுத்தெருவில் எடுத்த நீர்மாலை

உறவினர்களுக்கும் ஊராருக்கும் வணக்கம். எங்கள் அப்பா எங்களை விட்டுப் போய் இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. நினைவு மலரில் மூத்த மகன் கட்டாயம் எழுத வேண்டும் என்றாள் தங்கை. அப்பாவின் நல்ல குணங்களை ஒரு தாளில் எழுதி, எனக்கு உதவியாக அனுப்பியும் வைத்தாள். அதில் இருப்பதெல்லாம் உண்மை. ஆனால் அதில் இல்லாத ஒன்றை நான் எழுதாமல் விட்டால், இந்த மலரின் அட்டையில் அப்பாவின் படத்தைப் போடும் யோக்கியதை எனக்குக் கிடையாது.

அப்பா பிறந்தது கொட்டாரத்துக்கு மேற்கே, வயல்கரையில் நாலைந்து வீடுகள் மட்டும் இருந்த ஒரு சிற்றூரில். எட்டாம் வகுப்பில் தந்தையை இழந்தார். அதோடு படிப்பும் நின்றது. அறுப்புக் களத்தில் கட்டு சுமந்தார், வடசேரி சந்தையில் காய்கறி மூட்டை இறக்கினார், தங்கைகள் இருவரையும் கரையேற்றிய பிறகே தன் கல்யாணத்துக்குச் சம்மதித்தார். அம்மாவின் ஊரான இங்கே வந்தபின் பஞ்சாயத்தில் தண்ணீர் திறந்துவிடும் வேலை கிடைத்தது. அதன் பிறகு வேறு வேலை தேடவில்லை. காலை ஐந்து மணிக்கெல்லாம் வால்வு திருகும் இடுப்பளவு இரும்புச் சாவியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். காய்ச்சல் என்று படுத்த நாளிலும் போனார். போக வேண்டாம் என்று அம்மா சண்டை போட்டதும் எனக்கு நினைவிருக்கிறது.

எங்கள் ஊரின் கிடப்பு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கீழத்தெரு பள்ளத்தில் இருக்கிறது, மேட்டுத்தெரு உயரத்தில். எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்துவிட்டால் மேட்டுத்தெருவுக்குச் சொட்டு ஏறாது. ஆகவே அப்பா கீழத்தெரு வால்வை அடைத்து முதலில் மேட்டுத்தெருவுக்கே விடுவார். அங்கே எல்லோரும் பிடித்து முடித்த பிறகுதான் கீழே. எங்கள் வீடு கீழத்தெரு முனையில், மேட்டுத்தெருவுக்கு ஏறும் குழாய் வழியில் இருப்பதால், நினைத்தால் முதல் தண்ணீரை நாங்களே பிடிக்கலாம். அப்பா விடமாட்டார். மேலே முடியும்வரை எங்கள் குழாயைத் திறக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். "பள்ளத்துக்குத் தண்ணி தானா வரும் மக்கா. மேட்டுக்குத்தான் ஆளு நிக்கணும்" என்பார். அவர் எனக்குச் சொன்ன பாடம் இது ஒன்றுதான். இதைத்தான் நான் காற்றில் பறக்கவிட்டேன்.

எட்டு வருடங்களுக்கு முன் ஒரு கோடையில் மஸ்கட்டிலிருந்து விடுப்பில் வந்திருந்தேன். வீட்டுக்கு மாடி எடுத்து, மேலே புதுத் தொட்டியும் வைத்திருந்தேன். தண்ணீர் மேலே ஏறவில்லை. கைக்குழந்தையோடு மனைவி சிரமப்படுகிறாள் என்று எனக்கு நானே ஒரு ஞாயம் சொல்லிக்கொண்டேன். நாகர்கோவிலில் ஒரு மோட்டார் வாங்கி, பின்பக்கம் துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் மறைத்து, பஞ்சாயத்துக் குழாயில் நேராக மாட்டினேன். அப்பாவின் கண்ணில் படாது என்பது எனக்கு நிச்சயம். ஏனென்றால் தண்ணீர் வரும் நேரத்தில் அப்பா வீட்டில் இருக்கமாட்டார், வால்வு பக்கத்தில் நிற்பார்.

நாலு நாள் மேட்டுத்தெருவுக்குத் தண்ணீர் ஏறவில்லை. குழாய் எங்கோ உடைந்து ஒழுகுகிறது என்று நினைத்த அப்பா, மண்வெட்டி எடுத்து வழியெல்லாம் தோண்டிப் பார்த்தார். அறுபதைத் தொட்ட மனிதர், பங்குனி வெயிலில் மூன்று இடத்தில் குழி தோண்டினார். மூன்றாவது குழியருகே அம்மா கொடுத்தனுப்பிய மோரை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துவிட்டு, "எங்க போகுதுன்னே பிடிபடல்லியே மக்கா" என்றார். "பழைய குழாய்தானே" என்றேன் நான். இதை எழுதும்போதும் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஐந்தாம் நாள் காலை மேட்டுத்தெரு பகவதி அக்கா காலிக் குடத்தோடு எங்கள் வீட்டு வழியே வரும்போது மோட்டார் சத்தம் கேட்டுவிட்டது. சற்று நேரத்தில் வாசலில் பதினைந்து பேர். அப்பாவும் வந்து சேர்ந்தார்.

"அண்ணாச்சி, ஊருக்கெல்லாம் ஞாயம் சொல்லுதீரு. ஒமக்க வீட்டுலயே மோட்டார் கெடந்து ஓடுது. எனக்க மருமவ மாசமா இருக்கா. நாலு நாளா கொடத்தத் தூக்கிக்கிட்டு கொளத்துக்கு நடக்கா. இது தெரியாமலா ரோட்டைத் தோண்டுனீரு?" என்று கேட்டார் பகவதி அக்கா.

அப்பா என்னைப் பார்த்தார். ஒரே ஒரு பார்வை. என் மாமனார் அன்று வந்து முன்னறையில் உட்கார்ந்திருந்தார். அவர் காதில் விழும்படி "நான்தான் மாட்டினேன்" என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன்.

"தப்பு எனக்க வீட்டுலதான் நடந்திருக்கு. வேற ஆளத் தேடாண்டாம். என்னைத்தான் கேக்கணும்" என்றார் அப்பா.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அன்றே அப்பா தன் கையால் எங்கள் வீட்டு இணைப்பைக் கழற்றி, குழாயின் வாயை அடைத்தார். அதன் பிறகு அம்மாவும் அவரும் தெருக்குழாயில், எல்லோரும் பிடித்து முடித்த பிறகு கடைசி ஆளாக நின்று பிடித்தார்கள். நான் போர் போட்டுக் கொடுத்தேன். தண்ணீர் உப்பு. குளிக்க மட்டும்தான் ஆயிற்று.

ஊர் அப்பாவுக்கு 'மோட்டார்' என்று பட்டப்பெயர் வைத்தது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அடுத்த விடுப்பில் டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது, "மோட்டாருக்க மவன் வந்தாச்சு போல இருக்கே" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்று வீட்டுக்கு வந்து, "அப்பா, நான் ஊர்ல சொல்லிரட்டா?" என்று கேட்டேன். "இப்பச் சொல்லி என்னத்துக்கு? நீ பிளேன் ஏறிப் போயிருவ. ஒனக்க பொண்டாட்டியும் பிள்ளையும்லா இந்தத் தெருவுல நடக்கணும்" என்றார். எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். நிம்மதிதான் வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது.

வேலையிலிருந்து நின்ற பிறகும் காலையில் குழாய்ச் சத்தம் கேட்டால், "மேல ஏறிச்சா?" என்று அம்மாவிடம் கேட்பார். சிறுநீரகம் பழுதாகி, கடைசி இரண்டு மாதம் ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்தார். நான் வந்து சேர்ந்தபோது பேச்சு நின்றுவிட்டிருந்தது. என் கையைப் பிடித்திருந்தார், அவ்வளவுதான்.

அடக்கத்தன்று நீர்மாலைக்குப் புறப்படும் நேரத்தில்தான் சிக்கல் தெரிந்தது. அப்பாவின் உடலைக் குளிப்பாட்டப் பிள்ளைகள் போய்த் தண்ணீர் எடுத்து வர வேண்டும். குளம் முழுக்க ஆகாயத்தாமரை. குழாய் உடைந்து கீழத்தெருவுக்கு இரண்டு நாளாகத் தண்ணீர் இல்லை. போர் தண்ணீரே போதும் என்றார்கள் பெரியவர்கள். கூட்டத்திலிருந்து பகவதி அக்கா முன்னால் வந்தார். "உப்புத் தண்ணியிலயா அண்ணாச்சிய குளிப்பாட்டப் போறிய? எங்க தெருவுக்கு வாங்க. வீட்டுக்கு வீடு பிடிச்சு வச்சிருக்கோம்" என்றார்.

தலைக்கு மேல் வெள்ளை வேட்டியை நாலு பேர் பிடித்துவர, நான் குடத்தோடு மேட்டுத்தெருவுக்கு ஏறினேன். ஒவ்வொரு வாசலிலும் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினார்கள். கடைசியாக ஊற்றிய பகவதி அக்கா, "ஒரு தடவ தப்பு செய்தாரு. அத மறந்தாச்சு மக்கா. மத்த நாளெல்லாம் எங்களுக்குத் தண்ணி தந்த மனுசன்லா" என்றார். நிறைந்த குடம் தோளில் இருந்தது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

அக்கா, அந்த ஒரு தடவையும் அப்பா தப்பு செய்யவில்லை. மோட்டாரை மாட்டியது நான். நீங்கள் வாசலில் வந்து கேட்கும்வரை அப்பாவுக்கு அது தெரியவே தெரியாது. இதை எழுத அம்மா சொல்லவில்லை, எழுத வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எழுதி வாசித்துக் காட்டியபோது, "இப்பமாவது" என்று மட்டும் சொன்னார். இதை எழுதுகிறேன் என்று மனைவியிடமும் சொல்லிவிட்டேன். மாமனாருக்கும் ஒரு மலர் போகிறது.

ஆஸ்பத்திரியில் துணையிருந்த தங்கைக்கும் அவள் கணவருக்கும், பாடை சுமந்தவர்களுக்கும், பதினாறு நாளும் அம்மாவைத் தனியே விடாத அண்டை வீட்டுப் பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நீர்மாலைக்குத் தண்ணீர் தந்த மேட்டுத்தெருவுக்கு நன்றி என்று எழுத எனக்கு இன்னும் உரிமை வரவில்லை.

இந்த மலர் முதலில் மேட்டுத்தெருவுக்குத்தான் வரும். அங்கே எல்லோருக்கும் கொடுத்து முடித்த பிறகுதான் கீழே. ஆள் விட்டு அனுப்பமாட்டேன், நானே கொண்டு வருவேன். வாசலில் என்னைப் பார்த்ததும் உள்ளே கூப்பிட்டுவிடாதீர்கள். வாசித்து முடியுங்கள், நான் வெளியிலேயே நிற்கிறேன்.